கரி ஊர்களின் நாளை: ஆற்றல் மாற்றத்தில் மக்கள் பங்கும் மொழியின் பணியும்



மொழி மன்றத்தின் பொதுச் சொற்பொழிவு வரிசையில் இலக்கியமும் இலக்கணமும் இடம்பெறுவது வழக்கம். மின்சாரமும் நிலக்கரியும் இந்த மேடைக்கு எப்படி வந்தன என்று சிலர் வியக்கலாம். ஓர் ஊரின் தொழில் மாறும்போது அந்த மாற்றத்தைப் பற்றிய பேச்சு எம்மொழியில் நடக்கிறது, அதில் யாரால் பேச முடிகிறது என்பவை அவ்வூர் மக்களின் வாழ்வைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. மலேசியத் தமிழர்களாகிய நாம் இதை நம் வரலாற்றிலேயே கண்டவர்கள். எனவே இப்பொருள் மொழி மன்றத்திற்கு அயலானது அன்று.

என் கருத்தைத் தொடக்கத்திலேயே கூறிவிடுகிறேன். நிலக்கரியைச் சார்ந்து வாழும் ஊர்கள் தூய ஆற்றலுக்கு மாறும் காலத்தில், அங்கு வாழ்வோர் முடிவுகள் உருவாகும் அவையில் உடனிருக்க வேண்டும். முடிவெடுத்த பின்னர் செய்தி கேட்போராக மட்டும் அவர்கள் இருத்தலாகாது. உடனிருந்து பேசுவதற்குரிய அறிவும் ஆவணமும் அவர்தம் மொழியில் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும்.

காப்பார்: நம் அருகிலுள்ள கரி ஊர்

பூச்சோங்கிலிருந்து கிள்ளானைக் கடந்து வடமேற்கே சென்றால் காப்பார் வரும். அங்குக் கடலோரம் உயர்ந்து நிற்கும் புகைபோக்கிகள் சுல்தான் சலாஹுடின் அப்துல் அஜிஸ் மின்னுற்பத்தி நிலையத்தைச் சேர்ந்தவை. 1980களில் இயங்கத் தொடங்கிய அந்நிலையத்தில் நிலக்கரியை எரிக்கவல்ல நான்கு அலகுகள் அமைந்தன. அவற்றின் மொத்த நிறுவுதிறன் ஏறத்தாழ 1,600 மெகாவாட். கரியின் பெரும்பகுதி நம் மண்ணில் எடுக்கப்படுவதில்லை. இந்தோனேசியா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது. துறைமேடையில் இறக்கப்பட்டு, ஓடும் பட்டைகளில் ஏறிக் கிடங்கை அடைந்து, மாவாக அரைக்கப்பட்டுக் கொதிகலனுள் எரிகிறது. அந்த வெப்பத்தில் எழும் நீராவி சுழலியைச் சுழற்ற, நம் வீட்டு விளக்கு எரிகிறது. எஞ்சும் சாம்பல் குளங்களில் தேக்கப்படுகிறது. கடல் பொங்கும் வேளையில் வலசைப் பறவைகள் வந்து தங்கும் இடமாக அந்தச் சாம்பல் குளங்கள் பறவை ஆர்வலரிடையே பெயர் பெற்றிருப்பது ஒரு வியப்பு.

தீபகற்ப மலேசியாவில் காப்பாரைத் தவிரப் பேராக்கின் மஞ்சோங், நெகிரி செம்பிலானின் ஜிமா, ஜொகூரின் தஞ்சோங் பின் ஆகிய இடங்களிலும் பெரும் நிலக்கரி நிலையங்கள் உள்ளன. அண்மைக்காலம் வரை நாட்டின் மின்சாரத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் நிலக்கரியிலிருந்தே கிடைத்து வந்துள்ளது. இந்நிலை மாற வேண்டும் என்பது இன்று நாட்டின் கொள்கை. புதிய நிலக்கரி நிலையங்கள் கட்டப்படமாட்டா என்று 2021 செப்டம்பரில், பன்னிரண்டாவது மலேசியத் திட்டத்தை முன்வைத்தபோது அரசு அறிவித்தது. 2023இல் தேசிய ஆற்றல் மாற்றப் பெருவழித் திட்டம் வெளியாயிற்று. மின் நிறுவுதிறனில் புதுப்பிக்கவல்ல ஆற்றலின் பங்கு 2050இல் 70 விழுக்காடாக வேண்டும் என்பது அதன் இலக்கு. 2035க்குள் நிலக்கரி நிலையங்களின் அளவைப் பாதியாகக் குறைத்து, 2044க்குள் முற்றிலும் நிறுத்துவது என்ற காலவரையும் அரசால் அறிவிக்கப்பட்டுள்ளது. காப்பார் நிலையத்தின் மின் கொள்முதல் ஒப்பந்தம் 2029இல் முடிவடைவதாகும். இன்று ஆறாம் வகுப்பில் பயிலும் மாணவர் ஒருவர், தம் முப்பது வயதைச் சற்றே கடக்கும்போது, நிலக்கரி மின்சாரம் இல்லாத மலேசியாவில் வாழ்வார் என்பதே இந்த ஆண்டுக் கணக்கின் பொருள்.

இந்த இலக்கு வரவேற்கத்தக்கது. நிலக்கரி எரிவதால் எழும் கரிமப் புகை உலகின் வெப்பத்தை உயர்த்துகிறது. நுண்துகள்கள் நுரையீரலைப் புண்படுத்துகின்றன. எனவே நிலக்கரியை விட வேண்டுமா என்பது இன்றைய வினா அன்று. எப்படி விடுவது, யாரைக் கேட்டு விடுவது, விடும்போது யாருடைய சோற்றுக்கு வழி செய்வது என்பனவே வினாக்கள்.

ஒரு மின்னுற்பத்தி நிலையத்தைச் சுற்றி வட்டம் வட்டமாக மக்கள் வாழ்கின்றனர். முதல் வட்டத்தில் நிரந்தரப் பொறியாளரும் தொழில்நுட்பரும் உள்ளனர். நிலையம் மூடப்பட்டால் அவர்களை வேறு நிலையத்திற்கு மாற்ற இயலும். இரண்டாம் வட்டத்தில் குத்தகைத் தொழிலாளர் உள்ளனர். கரிக் கிடங்கில் வேலை செய்வோர், பராமரிப்புக் காலத்தில் சாரம் கட்டுவோர், கொதிகலனைத் துப்புரவு செய்வோர், காவலர், லாரி ஓட்டுநர் ஆகியோரின் பெயர்கள் நிலையத்தின் ஊழியர் பட்டியலில் இருப்பதில்லை. குத்தகையாளரின் ஏட்டில் இருக்கும். மூன்றாம் வட்டத்தில் உணவுக்கடை நடத்துவோர், அறை வாடகைக்கு விடுவோர், பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருப்போர். நான்காம் வட்டத்தில் அக்கடலில் மீன்பிடிப்போரும், கரித்தூசியையும் புகையையும் ஆண்டாண்டாகச் சுவாசித்து, அந்த நிலையத்தால் ஊதியம் எதுவும் பெறாதோரும் உள்ளனர். எரிவாயு நிலையம் ஒன்று கரி நிலையத்தின் இடத்தைப் பிடித்தாலும், கரி இறக்கவும் அரைக்கவும் சாம்பல் அகற்றவும் அங்கு ஆள் தேவைப்படாது. ஆகவே மாற்றத்தின் சுமை வெளிவட்டங்களில் நிற்போர் மீதே முதலில் விழும். அவர்களோ கூட்டங்களுக்கு அழைக்கப்படுவோர் வரிசையில் கடைசியில் நிற்பவர்கள்.

பத்து ஆராங்: கரி தீர்ந்த ஊரின் பாடம்

கரியை விட்டுப் பிரிதல் சிலாங்கூருக்குப் புதிதன்று. ரவாங்கிற்கு அருகிலுள்ள பத்து ஆராங் அதற்குச் சான்று. அந்தப் பெயருக்கே நிலக்கரி என்றுதான் பொருள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குக் கரி கண்டறியப்பட்டது. ஜே. ஏ. ரஸ்ஸல் முன்னின்று அமைத்த மலாயன் கோலியரீஸ் நிறுவனம் 1915 அளவில் கரி வெட்டியெடுக்கத் தொடங்கியது. அந்தக் கரியே மலாய் கூட்டு மாநிலங்களின் புகைவண்டிகளை ஓட்டியது. ஈயச் சுரங்கங்களின் எந்திரங்களையும் கோலாலம்பூரில் பங்சார் மின்னிலையத்தையும் இயக்கியது. சீனரும் இந்தியரும் மலாய்க்காரரும் அங்கு உழைத்தனர்.

அவர்களுக்குக் குரல் இருந்ததா? 1937 மார்ச் மாதத்தில் ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து சுரங்கத்தைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருந்தனர். ஆயுத வலிமை கொண்டு அவர்கள் அடக்கப்பட்டனர். ஊதியம் பற்றிப் பேசவே இத்தனை பாடுபட வேண்டியிருந்த ஊரில், சுரங்கத்தின் எதிர்காலத்தைப் பற்றித் தொழிலாளரிடம் யார் கேட்டிருப்பர்? புகைவண்டிகள் டீசலுக்கு மாறின, மின்னிலையங்களில் எண்ணெய் மலிவாயிற்று, கரி விலைபோகவில்லை. 1960இல் சுரங்கம் மூடப்பட்டது. ஊரின் ஒரே பெருந்தொழில் நின்றதும் மக்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினர். உயர்ந்த செங்கல் புகைபோக்கிகளும் சிதைந்த கட்டடங்களும் எஞ்சின. நிலத்தடியில் வெட்டிய குகைகள் இருப்பதால் மேலே கட்டடம் எழுப்புவதற்கும் தடைகள் ஏற்பட்டன. இன்று பத்து ஆராங் மரபு நகராகப் போற்றப்படுகிறது. பள்ளி மாணவர் சுற்றுலா செல்கின்றனர். அது நன்றே. ஆயினும் மரபு நகர் என்ற சிறப்பு, வேலையிழந்து மூட்டை கட்டியவருக்கு எந்த உதவியும் செய்யவில்லை.

பத்து ஆராங் தரும் பாடம் தெளிவானது. அங்குக் கரியை நிறுத்தியது சுற்றுச்சூழல் அக்கறை அன்று, சந்தை. எனினும் தொழிலாளரின் கண்ணில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. முன்னறிவிப்பும் மாற்று வேலையும் பேச ஓர் அவையும் இல்லாவிடில், நல்ல நோக்கத்தோடு நிலக்கரியை மூடினாலும் விளைவு பத்து ஆராங்காகவே முடியும்.

தோட்டத் துண்டாடல்: நம்மவர் கண்ட விடை

பத்து ஆராங் மூடப்பட்ட அதே காலத்தில் தமிழர் வாழ்வில் அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பிய உரிமையாளர் பலர் ரப்பர் தோட்டங்களை விற்றனர். வாங்கியோர் அவற்றைச் சிறு துண்டுகளாக்கி மறுவிற்பனை செய்தனர். இதுவே நம் வரலாற்றில் தோட்டத் துண்டாடல் எனப்படுகிறது. தோட்டம் துண்டானபோது வேலை போயிற்று. வேலையோடு லயத்து வீடும் போயிற்று. பிள்ளை படித்த பள்ளியும் கோயிலும் கேள்விக்குறியாயின. பொருளியல் அறிஞர் உங்கு அஜிஸ் இதைப் பற்றி ஆராய்ந்து அறிக்கை அளித்தார்.

அப்போது அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி கட்டித் தொழிலாளர் பங்கு சேர்க்க வேண்டும். சேர்ந்த பணத்தில் விற்பனைக்கு வரும் தோட்டங்களைத் தொழிலாளரே வாங்க வேண்டும் என்பது திட்டம். கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. பின்னர்ப் பல தோட்டங்கள் சேர்ந்தன. நாள்கூலி பெற்றவர் நில உடைமையில் பங்குதாரராயினர். எல்லாத் தோட்டங்களையும் சங்கம் காத்துவிடவில்லை. துண்டாடல் முழுவதும் நிற்கவும் இல்லை. ஆயினும் ஒரு பெருமாற்றத்தின் நடுவே சாமானியத் தொழிலாளர் வெறும் இழப்பீடு பெறுவோராக நில்லாமல் உரிமையாளராக நிற்க முடியும் என்பதை அது காட்டிற்று.

சங்கத்தின் நோக்கம் தோட்டம் தோட்டமாகச் சென்று விளக்கப்பட்டது என்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும். பங்கு, ஈவு, உறுப்பினர் உரிமை ஆகிய சொற்கள் பால்வெட்டுத் தொழிலாளரின் பேச்சில் இடம்பெற்ற பின்னரே அவர் தம் பத்து வெள்ளியை எடுத்துக் கொடுத்திருப்பார். புரியாத ஒன்றில் ஏழை பணம் போடமாட்டார். பங்கேற்பு மொழியில் தொடங்குகிறது என்று நான் கூறுவது இதனால்தான்.

பின்னாளில் கிள்ளான் பள்ளத்தாக்கில் எஞ்சிய தோட்டங்களும் ஈய வயல்களும் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் இடம்விட்டன. நாம் கூடியிருக்கும் பூச்சோங்கும் அவ்வாறு மாறிய நிலமே. அந்த மாற்றத்தில் பலருக்குப் புதிய நகரம் கிடைத்தது. பலருக்குப் புறம்போக்கு வாழ்வு கிடைத்தது. எந்தக் குடும்பம் எப்பக்கம் சென்றது என்பதற்கும், அக்குடும்பம் பேச்சுவார்த்தையில் இருந்ததா இல்லையா என்பதற்கும் தொடர்பு உண்டு.

நெய்வேலியும் காவிரிப் படுகையும்

தமிழகத்திலும் கரி ஊர் ஒன்று உண்டு. கடலூர் மாவட்டத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956இல் அமைந்தது. அங்கு முதலில் பழுப்பு நிலக்கரியைத் தம் நிலத்தில் கண்டு, நாட்டுக்கென நிலமும் வழங்கியவர் ஜம்புலிங்க முதலியார். சோவியத் நாட்டு உதவியோடு அமைந்த முதல் அனல் மின் நிலையம் 1962இல் மின்னுற்பத்தியைத் தொடங்கித் தமிழகத்தின் தொழில் வளர்ச்சிக்குத் துணை நின்றது. பலநூறு அடி ஆழத்தில் கரி எடுக்க, அடியிலுள்ள நீரழுத்தத்தைக் குறைக்கும் பொருட்டு இரவும் பகலும் நிலத்தடி நீரை இறைத்தாக வேண்டும். இதனால் சுற்றுவட்டார உழவர்க்கு நீர் பற்றிய கவலையும், ஊர்களை இழந்தோர்க்கு வேலை பற்றிய ஏக்கமும் தலைமுறை தாண்டித் தொடர்ந்தன.

2023ஆம் ஆண்டில் இரு நிகழ்வுகள் அடுத்தடுத்து நடந்தன. அவ்வாண்டின் தொடக்கத்தில் நடுவண் அரசின் நிலக்கரி ஏல அறிவிப்பில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே உள்ள பகுதி ஆகியவை இடம்பெற்றிருந்தன. உழவர்களும் கட்சிகளும் மாநில அரசும் ஒருமித்துக் குரல் எழுப்பின. காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிய 2020ஆம் ஆண்டுச் சட்டம் அவர்கள் கையில் இருந்தது. ஏப்ரல் மாதத்தில் அப்பகுதிகள் ஏலத்திலிருந்து நீக்கப்பட்டன. அடுத்து ஜூலை மாதத்தில், நெய்வேலிச் சுரங்கத்தின் வாய்க்கால் பணிக்காக வளையமாதேவியில் வளர்ந்து நின்ற நெற்பயிர் எந்திரங்களால் அழிக்கப்பட்டது. அந்நிலம் முன்னரே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். நட்ட பயிரை அறுக்கவாவது விட்டிருக்கலாகாதா என்றனர் உழவர். சட்டப்படி நிலம் யாருடையது என்பது ஒரு வினா. அந்த மண்ணில் நிற்பவரிடம் யார், எப்போது, எவ்வாறு பேசினர் என்பது வேறொரு வினா. இரண்டாவது வினாவுக்கு விடையில்லாத இடத்தில் முதல் வினாவின் விடை அமைதியைத் தருவதில்லை.

நெய்வேலியின் அந்த முதல் அனல் மின் நிலையம் 2020இல் ஓய்வு பெற்றது. நிறுவனம் இன்று சூரிய ஒளி மின்சாரத்திலும் முதலீடு செய்கிறது. ஒரு நிறுவனம் கரியிலிருந்து கதிருக்கு மாற இயலும். அதன் சூரியத் தகடுகள் வேறு மாவட்டத்தில் அமைந்தால் நெய்வேலியின் குத்தகைத் தொழிலாளர் எங்கே மாறுவர்? நிறுவனத்தின் மாற்றமும் ஊரின் மாற்றமும் ஒன்றல்ல என்பதைக் காப்பாரைப் பற்றிச் சிந்திக்கும் நாமும் மனத்தில் இருத்த வேண்டும்.

உலகம் செய்து பார்த்தவை

2015ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்பாட்டின் முகவுரையிலேயே உழைப்போர்க்கு நியாயமான நிலைமாற்றம் வேண்டும் என்ற கருத்து இடம்பெற்றது. அதை நாடுகள் நடைமுறைப்படுத்திய விதம் வேறுபட்டது.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஹேசல்வூட் கரி மின்னிலையம் மூடப்படும் என்று 2016 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, 2017 மார்ச் இறுதியில் மூடப்பட்டது. இடையே இருந்தவை ஐந்து மாதங்களே. மாநில அரசு உடனடியாக அவ்வட்டாரத்துக்கென ஓர் ஆணையத்தை அமைத்து மறுபயிற்சியும் உதவியும் அளித்தது. எனினும் ஊர் தன் எதிர்காலத்தைப் பற்றி எண்ணிப்பார்க்கக் காலம் கிடைக்கவில்லை. இந்த அனுபவத்திற்குப் பின், பெரும் மின்னிலையங்கள் குறைந்தது மூன்றாண்டுகளுக்கு முன்னரே மூடல் நாளை அறிவிக்க வேண்டும் என்ற விதி அந்நாட்டில் வந்தது.

தென்னாப்பிரிக்காவில் கொமாட்டி நிலையம் 2022 அக்டோபரில் நிறுத்தப்பட்டது. உலக வங்கியின் கடனுதவியோடு அங்குச் சூரிய ஆற்றலும் பயிற்சி நிலையமும் திட்டமிடப்பட்டன. ஆனால் மாற்று வேலைகள் வந்து சேர்வதற்கு முன்னரே பழைய வேலைகள் போய்விட்டன என்ற மனக்குறை அவ்வூரில் எழுந்தது.

ஜெர்மனி 2018இல் ஓர் ஆணையத்தை அமைத்தது. வாக்குரிமை பெற்ற 28 உறுப்பினருள் தொழில்துறையினர், தொழிற்சங்கத்தார், சுற்றுச்சூழல் அமைப்பினர், அறிஞர் ஆகியோரோடு கரி வட்டாரங்களின் பேராளரும் இருந்தனர். 2019 சனவரியில் அவர்கள் அறிக்கை அளித்தனர். 2038க்குள் நிலக்கரி மின்சாரத்தை முடிப்பது, கரி வட்டாரங்களின் மறுவாழ்வுக்கு 40 பில்லியன் யூரோ ஒதுக்குவது என்பன அதன் முதன்மைப் பரிந்துரைகள். அங்கும் எல்லாம் செம்மையாக முடியவில்லை. சுரங்க விரிவுக்காக லூட்செராத் என்ற சிற்றூர் 2023 சனவரியில் காலிசெய்யப்பட்டபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. ஆயினும் காலக்கெடுவும் பணமும் ஒரே மேசையில், ஒரே நேரத்தில் பேசப்பட்டன என்பது அந்த முயற்சியின் சிறப்பு. நாளைக் குறித்துவிட்டு மக்களை நினைப்பதற்கும், மக்களோடு அமர்ந்து நாளைக் குறிப்பதற்கும் உள்ள வேறுபாடு அதுவே.

பட்டியலில் யார் இல்லை?

மக்கள் பங்கேற்பு நமக்கு மேலை நாட்டார் தந்த புதுக்கருத்து அன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளைச் சார்ந்தவை, குடவோலை முறையையும் வாரியங்களையும் விரிவாகக் கூறுகின்றன. ஏரியைக் காக்க ஏரி வாரியம் இருந்தது. நீரை நம்பி வாழும் ஊர், நீர் பற்றிய பொறுப்பைத் தன்னிடமே வைத்திருந்தது. நாம் பெருமைப்படத்தக்க செய்தி இது. ஆயினும் ஆசிரியர்கள் இதைக் கற்பிக்கும்போது மறுபாதியையும் கற்பிக்க வேண்டும். வாரியத்தில் அமரச் சொந்த நிலம் வேண்டும், சொந்த மனை வேண்டும், குறிப்பிட்ட வயதும் கல்வியும் வேண்டும். ஏரி நீரால் வயலில் உழைத்த நிலமற்றவரின் பெயர் அந்த ஓலையில் ஏறவில்லை. பெண்களின் பெயரும் ஏறவில்லை.

இன்றைய கரி ஊருக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். கலந்தாய்வுக் கூட்டம் நடந்தது என்பதோடு மகிழ்ந்துவிடாமல், அழைக்கப்பட்டோர் பட்டியலில் யார் இல்லை என்று பார்க்க வேண்டும். குத்தகைத் தொழிலாளர் இருந்தனரா? வேலை நேரத்தில் கூட்டம் வைத்தால் அவர் எப்படி வருவார்? மீனவர் இருந்தனரா? வீட்டுச் செலவைத் தாங்கும் பெண்கள் இருந்தனரா? தேசியமொழியில் தங்குதடையின்றிப் பேச இயலாத முதியவர் தம் கருத்தைத் தம் மொழியில் கூற வழி இருந்ததா?

இந்த இடத்தில் ஒரு மறுப்பு எழக்கூடும். மின்கட்டமைப்பு என்பது நாடு தழுவிய நுட்பமான அமைப்பு. எந்த நிலையத்தை எப்போது நிறுத்துவது என்பதைப் பொறியாளர்தாமே கூற முடியும் என்பர். அது உண்மையே. மின்தேவை, மின்னழுத்தம், மாற்று நிலையங்களின் ஆயத்தம் ஆகியவற்றை ஊர்க்கூட்டத்தில் கையுயர்த்தி முடிவு செய்ய இயலாது. ஆனால் முன்னறிவிப்பு எத்தனை ஆண்டு, மறுபயிற்சி எந்தத் தொழிலில், பயிற்சிக் காலத்தில் குடும்பச் செலவுக்கு என்ன வழி, சாம்பல் குளங்களை யார் தூய்மை செய்வது, காலியாகும் கடலோர நிலம் எதற்குப் பயன்படுவது என்பவை பொறியியல் வினாக்கள் அல்ல. அவற்றுக்கு ஊர்மக்களே முதல் அறிஞர். மக்களைக் கேட்டால் வேலை தாமதமாகும் என்பதும் ஒரு மறுப்பு. கேளாமல் செய்த வேலைகள் வழக்காலும் மறியலாலும் பட்ட தாமதத்தை வளையமாதேவி நமக்குக் காட்டியுள்ளது.

நம் நாட்டுச் சட்டமும் சில வாயில்களைத் திறந்து வைத்துள்ளது. 1976ஆம் ஆண்டின் நகர், நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டப்படி, உள்ளூராட்சியின் வரைவுத் திட்டங்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். மக்கள் எழுத்து வழியாகக் கருத்தும் மறுப்பும் அளிக்கலாம். காப்பார் கிள்ளான் அரச மாநகர் மன்றத்தின் எல்லைக்குள் வருகிறது. பூச்சோங்கின் பெரும்பகுதி சுபாங் ஜெயா மாநகர் மன்றத்தின் எல்லைக்குள் வருகிறது. அந்த வரைவுத் திட்டங்களைப் பார்க்கச் சென்ற தமிழர் எத்தனை பேர் என்று ஒவ்வொருவரும் தம் குடும்பத்திலேயே கேட்டுப் பார்க்கலாம். கதவு திறந்திருந்தும் நாம் நுழையாமைக்கு ஒரு காரணம் ஆர்வமின்மை. மற்றொரு காரணம் மொழி.

சொல்லும் அதன் விளைவும்

ஆற்றல் மாற்றம் பற்றிய ஆவணங்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும் வெளிவருகின்றன. அவற்றிலுள்ள சொற்கள் தமிழ்ப் பேச்சில் இன்னும் இடம்பெறவில்லை. சொல் இல்லாத இடத்தில் கேள்வி பிறப்பதில்லை. சில எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம்.

விளக்கக் கூட்டம் என்பதும் கலந்தாய்வு என்பதும் வேறு. முதலாவதில் முடிந்த முடிவு அறிவிக்கப்படுகிறது. இரண்டாவதில் முடிவு இன்னும் திறந்திருக்கிறது. கூட்டத்திற்கு அழைப்பு வரும்போது, இது எது என்று கேட்கத் தெரிந்தவரே தம் நேரத்தைச் சரியாகப் பயன்படுத்துவார். இழப்பீடு என்பதும் பங்கு என்பதும் வேறு. இழப்பீடு ஒருமுறை கைக்கு வந்து செலவாகும். பங்கு ஆண்டுதோறும் ஈவு தரும், அதனோடு வாக்குரிமையும் தரும். பாதிக்கப்படுவோர் என்று ஒருவரை அழைத்தால் அவருக்கு இரக்கம் கிடைக்கும். பங்காளர் என்று அழைத்தால் இருக்கை கிடைக்கும். மறுபயிற்சி என்பதும் மறுவேலை என்பதும் வேறு. சான்றிதழ் வழங்கிப் புகைப்படம் எடுப்பதோடு முடிவது முதலாவது. சம்பளச் சீட்டில் முடிவது இரண்டாவது. இந்த நுண்ணிய வேறுபாடுகளை அறிந்து, தெளிவான தமிழில் நிலைநிறுத்துவது மொழி மன்றத்தின் கடமை என்று கருதுகிறேன்.

எனவே மூன்று பணிகளை இம்மன்றத்தின் முன் வைக்கிறேன்.

முதலாவது, ஆற்றல் மாற்றத்திற்கான தமிழ்ச் சொற்கோவை ஒன்று. அது பேரகராதியாக வேண்டியதில்லை. மின்கட்டமைப்பு, நிறுவுதிறன், கரிம உமிழ்வு, கொள்முதல் ஒப்பந்தம், முன்னறிவிப்புக் காலம் போன்ற நூறு சொற்களுக்கு மலாய்ச் சொல்லும் எளிய தமிழ் விளக்கமும் ஒருங்கே தந்தால் போதும். ஒரு தொழிலாளர் தம் மேலாளரிடம் மலாயில் கேட்கவும் தம் வீட்டில் தமிழில் விளக்கவும் அது துணை செய்ய வேண்டும்.

இரண்டாவது, மாணவர் வழிச் செய்யத்தக்க வாய்மொழி வரலாற்றுத் தொகுப்பு. காப்பார், மேரு, கிள்ளான் வட்டாரப் பள்ளிகளின் மாணவர்கள், மின்னிலையத்திலும் அதைச் சுற்றியும் உழைத்தோரைக் கண்டு, அவர்கள் செய்த வேலை, கற்ற திறன், அஞ்சும் இழப்பு, விரும்பும் மாற்றம் ஆகியவற்றைக் கேட்டு எழுதலாம். பட்டறிவுள்ள பற்றவைப்பாளருக்கும் மின்பணியாளருக்கும் சூரியத் தகடு பொருத்தும் பணி எவ்வளவு நெருக்கமானது என்பது அத்தகைய ஏடுகளில் தெரியவரும். பத்து ஆராங்கின் தொழிலாளர் பேச்சு அன்று இவ்வாறு பதிவாகியிருந்தால், இன்று நம் கையில் இருப்பது புகைபோக்கிகளின் படம் மட்டுமாக இருந்திராது.

மூன்றாவது, கூட்டுறவு பற்றிய கல்வி. பள்ளி, கோயில் மண்டபம், அடுக்குமாடிக் குடியிருப்பு ஆகியவற்றின் கூரைகளில் சூரியத் தகடுகள் அமைவது இன்று இயல்பாகி வருகிறது. அவற்றைத் தனித்தனியே வாங்குவதற்கு வசதியுள்ளோரால் முடியும். வசதியற்றோர் கூட்டுறவாகச் சேர்ந்தால்தான் முடியும். மாதம் பத்து வெள்ளி சேர்த்துத் தோட்டம் வாங்கியோரின் பேரப்பிள்ளைகளுக்கு இந்தக் கருத்து புதியதாக இருக்கலாகாது. கணக்கு எழுதுதல், கூட்டக் குறிப்பு எடுத்தல், தணிக்கை அறிக்கையைப் படித்தல் ஆகியவற்றை மாணவர்க்குத் தமிழிலும் மலாயிலும் பழக்கினால், நாளை ஒரு கூட்டுறவை நம்பிக்கையோடு நடத்தும் தலைமுறை உருவாகும். நம்பிக்கை குலைந்த கூட்டுறவுகளையும் நம் சமூகம் கண்டதுண்டு. கணக்கைக் கேட்கத் தெரிந்த உறுப்பினரே அதற்குக் காப்பு.

ஆசிரியப் பெருமக்களே, நிலக்கரியின் காலம் முடிவதற்குரிய ஆண்டுகள் குறிக்கப்பட்டுவிட்டன. 2029, 2035, 2044 என்பன இனி நம் நாட்காட்டியில் உள்ள எண்கள். அந்த ஆண்டுகளில் காப்பாரின் கரிக் கிடங்கு வெறுமையாகும்போது அதைச் சுற்றியுள்ள வீடுகளும் வெறுமையாகுமா என்பது இன்னும் குறிக்கப்படவில்லை. அதைக் குறிக்கும் கூட்டம் எங்கேனும் நடக்கும். நம் மாணவர் ஒருவர் அதற்கு அழைப்பிதழோடு செல்ல வேண்டும்; வரைவுத் திட்டத்தைப் படித்துவிட்டுச் செல்ல வேண்டும்; தம் பாட்டியின் கேள்வியை மலாயிலும், கிடைத்த விடையைப் பாட்டிக்குத் தமிழிலும் சொல்லத் தெரிந்தவராகச் செல்ல வேண்டும். அத்தகைய மாணவரை உருவாக்கும் வகுப்பறை எந்தச் சூரியப் பண்ணைக்கும் குறைந்ததன்று.